பஞ்சாகிப் போன பிரேக்

மலை உச்சிக் கோபுரத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் அந்த ஓட்டுநருக்குத் 'தூளி' என்று பட்டப்பெயர். பாறையும் பள்ளமுமான பாதையில் அவர் ஓட்டினால் பின்னால் இருப்பவர்கள் சொக்கி விழுவார்கள். எப்போது பிரேக் போட்டார் என்று யாருக்கும் தெரியாது, வண்டி நின்றிருக்கும். அதில் மனிதருக்குத் தலைக்கனமும் உண்டு. கைப்பிரேக்கைத் தொடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பார்.

அவர் ஓட்டியது கிளட்ச் இல்லாத வண்டி. கியரில் கிடக்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக ஊரும். பாதி மலையில், பாதை சமதளமாகும் இடத்தில், குறுக்கே ஒரு சங்கிலி கட்டியிருந்தார்கள். அங்கே ஓட்டுநர் இறங்குவதில்லை. முன் இருக்கையில் இருப்பவர் இறங்கி, வண்டிக்கு முன்னால் நின்று கொக்கியை அவிழ்க்க வேண்டும். அதுதான் அந்த மலையின் வழக்கம். தினமும் காலையில் அப்படி இறங்கியது தூளியின் மனைவி. உச்சியில் இருந்த சமையலறையில் அவளுக்கு வேலை.

ஒரு மாதமாகத் தூளி புலம்பிக்கொண்டே இருந்தார். பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதாம், நிறுத்திய வண்டி நகர்கிறதாம். மெக்கானிக் வேறு யாருமில்லை, அவருடைய சொந்த மச்சினன். பாவம், அவன் பிரேக் எண்ணெய் மாற்றினான், குழாயில் காற்று எடுத்தான், பிரேக் கட்டைகளையும் புதிதாகப் போட்டான். தானே மிதித்துப் பார்த்தபோது பெடல் கல்லு மாதிரி நின்றது.

"மாமா, வண்டி நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் சும்மா நொய் நொய்னு உயிரை வாங்குறீங்க."

"உங்க அக்கா தினமும் அந்த பம்பர் முன்னாடிதாண்டா நிக்கிறா. அவளுக்கு ஒண்ணுன்னா நீ பதில் சொல்வியா?"

அக்கா என்றதும் அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "சரி வாங்க, நானே கூட வந்து பாக்குறேன்" என்று பட்டறையைச் சாத்திவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

சங்கிலி வந்தது. தூளி வழக்கம்போல அலுங்காமல் நிறுத்தினார். மச்சினன் இறங்கி, முன்னால் போய்க் குனிந்தான். கொக்கி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே பம்பர் அவன் முழங்காலின் பின்பக்கத்தைத் தொட்டது. விளையாட்டு என்று நினைத்தான். அடுத்த கணம் சங்கிலி அவன் வயிற்றில் இறுகியது.

"மாமா! பிரேக்கு! பிரேக்கு!"

"மிதிச்சிட்டுத்தாண்டா இருக்கேன்!"

பொய்யில்லை. அவர் முகமெல்லாம் சிவக்க, தொடை நரம்பு புடைக்க மிதித்துக்கொண்டிருந்தார். வண்டி ஊர்ந்துகொண்டே இருந்தது. மச்சினன் சங்கிலிக்கடியில் நுழைந்து பக்கத்தில் விழுந்து உருண்டான். துரு ஏறிய கொக்கி தெறித்துப் போயிற்று. தூளி பதறிப்போய் சாவியைத் திருப்பிக் கைப்பிரேக்கை இழுத்த பிறகுதான் வண்டி நின்றது.

அவன் எழுந்து ஓடிவந்து கதவைத் திறந்தான். மாமாவின் வலது கால் பெடலிலேயே இல்லை. பக்கத்தில் விலகி, வண்டியின் தரையைத்தான் மிதித்துக்கொண்டிருந்தது. செருப்பு எங்கேயோ கழன்று கிடந்தது. விரிப்பில் ரத்தம்.

"பாத்தியா? பஞ்சு மாதிரி போகுதுன்னு சொன்னேனா இல்லையா?" என்று தூளி கத்தினார்.

மச்சினன் அந்தக் காலைத் தூக்கி உள்ளங்காலிலிருந்து எதையோ பிடுங்கினான். ஒரு திருகாணி.

"எங்கேர்ந்துடா எடுத்தே?"

"உங்க கால்லேர்ந்து மாமா."

தூளி அதைப் பார்த்தார், காலைப் பார்த்தார். சர்க்கரை வியாதி கால் உணர்ச்சியைத் தின்னும் என்று மருத்துவர் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்தவர்தான் அவர். அது தன் காலைப் பற்றிய பேச்சு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"இன்னிக்கு ஏதோ மரத்துப் போச்சு. அவ்வளவுதான். நீ வேணா தொட்டுப் பாரு, நான் கண்ணை மூடிக்கிறேன்."

கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப தெரியுதா மாமா?"

"தெரியுது. பெருவிரலைப் புடிச்சிருக்கே."

"இப்ப?"

"குதிகால்ல அழுத்துறே. விடுடா, வலிக்குது."

தூளி கண்ணைத் திறந்தார். மச்சினன் இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"மாமா, நான் இன்னும் தொடவே இல்ல."

தூளி முன்கண்ணாடி வழியே பம்பருக்கு முன்னால் இருந்த இடத்தைப் பார்த்தார். காலையில் அங்கேதான் அவர் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி குனிந்து நின்றாள். அப்போதும் அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் இருந்தார்.