மனைவிக்குத் தந்த குளிசைகள்

கடந்த வருடம் வெள்ளவத்தையில் என் ஞானப்பல்லை வெட்டி எடுத்தார்கள். டொக்டர் எழுதித் தந்த நோவுக்கான கடுமையான குளிசை, வலியோடு அலுவலகக் கவலைகளையும் மறக்கடித்தது. ஐந்து நாளில் குளிசை முடிந்தது, வலியும் போய்விட்டது. ஆனால் அந்த இதத்தை மனம் தேடிக்கொண்டே இருந்தது.

அடுத்த மாதம் என் மனைவி சுமதிக்கும் ஞானப்பல் வெட்டினார்கள். அதே குளிசைதான். முதல் நாள் அவளுக்குத் தெரியாமல் ஒன்று எடுத்தேன். அடுத்த நாள் மிச்சத்தையும் முடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, கன்னம் வீங்கி, வலி தாங்காமல் வந்தவள் வெறும் குளிசை அட்டையைப் பார்த்தாள்.

“இதில இன்னும் ஆறு இருந்ததப்பா. நீங்களோ எடுத்தனீங்கள்?”

பாமசியில் குறைத்துத் தந்திருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது. பொய் வரவில்லை.

“ஓம். எனக்கு நோவு ஒண்டுமில்லை. போடாமல் இருக்க ஏலாமக் கிடக்கு.”

அவள் வெறும் அட்டையைக் கைப்பையில் வைத்தாள். பிறகு, “வெளிக்கிடுங்கோ, ரெண்டு பேரும் டொக்டரிட்டப் போவம்” என்றாள்.

டொக்டர் ஏசவில்லை. அவளுக்கு வேறு மருந்து எழுதிவிட்டு, என்னை மருந்துக்கு அடிமையானவர்களைப் பார்க்கும் ஒரு மருத்துவரிடம் அனுப்பினார். சில வாரங்கள் நித்திரையில்லாமல் எரிந்து விழுந்தேன். இப்போது சுகமாக இருக்கிறேன்.

சுமதி என்னைக் கள்ளன் என்று ஏசியிருக்கலாம். தன் வலியோடு நின்ற அந்த நேரத்திலும், அவள் என்னை ஒரு வருத்தக்காரனாக, நோயாளியாகவே பார்த்தாள்.