வினாயகமூர்த்தியின் மினுங்கு மணிக்கூடு

ஏறாவூரில் மணிக்கூடு திருத்தும் பாறூக்கிடம் 1993இல் ஒரு விசித்திரமான வேலை வந்தது. தன்னாமுனை மீனவர் வினாயகமூர்த்திக்கு, ஜேர்மனியிலிருந்த தம்பி இருட்டில் பச்சையாக மினுங்கும் புதுக் கைமணிக்கூடு அனுப்பியிருந்தான். தமிழர், முஸ்லிம்கள் மோதலில் இந்த இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோயிருந்த காலம். மணிக்கூட்டுக்கு மட்டும் வழி விட்டிருந்தார்கள். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையிலேயே வினாயகமூர்த்தி பேச்சைத் தொடங்கினார்.

"காக்கா, இந்த வெளிச்சத்த அவிச்சுத் தாங்க. வாவியில தோணி விட்டா மினுங்கிறதுக்கெல்லாம் கரையில இருந்து ஆமிக்காரனுகள் சுடுறானுகள்."

பாறூக் பூதக்கண்ணாடியால் பார்த்தார். திரித்தியம் என்ற கதிர்ப்பொருள் கலந்த பூச்சு. வெயிலோ விளக்கோ தேவையில்லை, தானாகவே ஒளிரும்.

"பன்னிரண்டு வருசம் பொறுத்தா அதுவே பாதி அவிஞ்சிடும், தம்பி."

"அதுக்குள்ள நான் முழுசா அவிஞ்சிருவன்."

பாறூக் முள்ளிலும் எண்களிலும் கறுப்பு மை பூசிக் கொடுத்தார். சேதி பரவியது. அந்த வருடம் அவர் திருத்தியவற்றைவிட அவித்தவையே அதிகம்.

2004 கடைசியில் சுனாமி வந்தபோது வினாயகமூர்த்தி குடும்பத்தோடு கல்லடிக் கடற்கரையில் இருந்தார். அவரும் ஐந்து வயது மகள் விதுர்ஷாவும் தப்பினார்கள். மனைவி தப்பவில்லை. சில வாரங்களில் அகதி முகாமிலிருந்து பாறூக்கிடம் வந்தார்.

"மைய அழிச்சு விடுங்க, காக்கா. முகாமில கறண்ட் இல்ல. மகள் இருட்டக் கண்டா அலறுறாள்."

பாறூக் உப்பேறிய மூடியைக் கழற்றி மையைத் துடைத்தார். கதவைச் சாத்திப் பார்த்தால், வெளிச்சம் ஏறத்தாழப் பாதிதான் இருந்தது. தன் கணக்கு சரியாக வந்ததில் அவருக்கு ஒரு பெருமையும் தோன்றவில்லை. கூலி வாங்காமல் அனுப்பினார்.

2009இல் யுத்தம் முடிந்து, இரவில் மீன்பிடிக்க இருந்த தடையும் நீங்கியது. இனி மினுங்கினால் யாரும் சுடமாட்டார்கள். ஆனால் உப்பேறிய பூச்சு உதிர்ந்து, மணிக்கூட்டில்தான் மினுக்கம் மிச்சமில்லை. வினாயகமூர்த்தி அதைத் திரும்பவும் கொண்டுவந்தார்.

"எங்கட அப்பாட மணிக்கூட்டில இருந்த ரேடியத்தப் பூசுங்க, காக்கா. அதுவும் தானா எரியும்தானே."

"ரேடியமா? அது கூடக் கிடக்கிற மினுங்கல் பூச்சையே எரிச்சுச் சாகடிச்சிரும். மினுக்கம் நிண்ட மறுகாவும் நஞ்சு நிக்காது. ஆயிரத்தறுநூறு வருசம் போனாலும் பாதி கிடக்கும்."

"வெளிச்சம் போயும் நஞ்சு போகாதா?"

"ஓம். நம்மட நாட்டில அப்பிடிக் கனக்கக் கிடக்கு."

பாறூக் இப்போது கிடைக்கும் நஞ்சில்லாத பூச்சைப் பூசினார். ஈரம் படாவிட்டால் இது வருடக்கணக்கில் கெடாது. ஆனால் வெளிச்சம் குடித்தால்தான் வெளிச்சம் தரும். குடித்ததும் பளீரென்று எரிந்து, போகப் போக மங்கும். இதை விளக்கியும் வினாயகமூர்த்தி மறுவாரமே மகளோடு வந்து நின்றார்.

"வலை இழுக்கிற நேரத்தில மங்கிடுது, காக்கா."

"டோர்ச்ச மணிக்கூட்டுக்கு அடிச்சுப் பிடிங்க."

அடுத்த தடவை வந்தபோது முறைப்பாடு விதுர்ஷாவிடமிருந்து வந்தது.

"அப்பா டோர்ச் அடிக்கிறார், அவிக்கிறார், மறுகா பச்சை வெளிச்சத்தில மணி பார்க்கிறார். டோர்ச் வெளிச்சத்திலயே பார்க்கலாம்தானே, மாமா?"

பாறூக் வினாயகமூர்த்தியைப் பார்த்தார்.

"நடு வாவியில டோர்ச் அடிக்கிறன், காக்கா," என்றார் அவர். "ஏனெண்டு ஒருத்தனும் கேக்கிறான் இல்ல, சுடுறான் இல்ல. மணி ஆருக்கு வேணும்."