நாற்பத்தொன்றாம் கட்டம்

ஏழாம் கட்டிலின் நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. அக்கா அதை அழித்துவிட்டுப் பூஜ்யம் அடிக்கிறார். கட்டம் குப்பென்று சிவக்கிறது. "சரிம்மா, திரும்பி வந்துருங்க" என்று முணுமுணுத்து, கண்ட்ரோல் இசட்டைத் தட்டுகிறார். எழுபத்திரண்டு திரும்பி வருகிறது. அடுத்தது எட்டாம் கட்டில்.

படுத்த படுக்கையானவர்களுக்கான பராமரிப்பு இல்லம் இது. கட்டில்கள் அறுபது. ஒவ்வொருவர் கையிலும் கட்டிய பட்டை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பைக் கம்ப்யூட்டர் அட்டவணைக்கு அனுப்பும். ஐம்பதுக்குக் கீழே போனால் கட்டம் தானாகச் சிவக்கும். வார்டுச் சுவரில் உள்ள திரையில் சிவப்பைக் கண்டதும் நர்ஸுகள் ஓடுவார்கள். இந்த விதி எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை செல்லும் என்று பூஜ்யம் அடித்துச் சோதித்துப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. 'சிவப்பக்கா' என்றால்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும். அடுத்த மேசையில் மருந்துப் பட்டியல் தயாரிக்கிற எனக்கு, தினமும் காலை எட்டு மணிக்கு அறுபது பேர் செத்துப் பிழைப்பதைப் பார்க்க வாய்த்திருக்கிறது. அந்த நேரத்தில் நர்ஸுகள் திரையை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையாக்கா?" என்று ஒருநாள் கிண்டலடித்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ வேறொரு பட்டியலிலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்து இதில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய இடத்தில் விதி அறுந்துவிட்டது. அது பத்தொன்பதாம் கட்டில்காரரின் வரி.

"முப்பத்தெட்டுன்னு நம்பர் வந்திருக்கு. ஆனா கட்டம் வெள்ளையா இருக்கு. வெள்ளையா இருந்தா யாரு நம்பரப் படிக்கிறா? சாயந்தரம் வரைக்கும் அப்படியே கெடந்து போய்ச் சேந்துட்டாரு" என்றார்.

ஏழாம் கட்டில் அம்மாவுக்குக் கண் தெரியாது. அட்டவணையைப் பற்றி யாரும் அவரிடம் சொன்னதுமில்லை. தினமும் எட்டு மணி வாக்கில் போர்வையை இழுத்துக்கொண்டு, "யாரோ என்னை எடுத்துட்டு, மறுபடி வெச்சாங்க" என்கிறாராம். நர்ஸ் வந்து இதைச் சொன்னபோது எனக்கு முதுகு சில்லிட்டது. அக்கா மட்டும், "மெதுவாத்தானே வெச்சேன்" என்றார்.

மூன்று வாரமாக நாற்பத்தொன்றாம் கட்டிலில் கிடப்பவர் அக்காவின் வீட்டுக்காரர். பக்கவாதம்; பேச்சு இல்லை. அக்கா காலையில் நாற்பதை முடித்ததும் நாற்பத்திரண்டுக்குத் தாவிவிடுவார்.

"மேல சிவக்குது, கீழ சிவக்குது. நடுவுல மட்டும் எங்க போயிரும்?"

"பத்தொன்பதும் நடுவுலதானேக்கா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் சும்மா இருக்காது. அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நேற்றுக் காலை நாற்பதை முடித்தவர் தாவவில்லை. அடுத்த கட்டத்திலேயே நெடுநேரம் நின்றார். "கோவிச்சுக்காதீங்க" என்று திரையிடம் சொன்னார். எழுபதை அழித்தார். பூஜ்யம் அடித்தார்.

கட்டம் வெள்ளையாகவே இருந்தது.

விதியைத் திறந்து பார்த்தோம். நாற்பது வரை ஓர் எல்லை; நாற்பத்திரண்டிலிருந்து அறுபது வரை இன்னொன்று. வீட்டுக்காரரைச் சேர்த்த அன்று, பதற்றத்தில் அவர் வரியைச் சேர்க்கைப் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது வேறு யாருமில்லை, அக்காதான். மூன்று வாரம் அந்த மனிதர் விதிக்கு வெளியே கிடந்திருக்கிறார்.

அக்கா இரண்டு எல்லைகளையும் ஒன்றாக்கினார். அடித்து வைத்திருந்த பூஜ்யம் அந்த நொடியே சிவந்தது. கண்ட்ரோல் இசட்டைத் தட்டாமல் எழுந்து வார்டுக்குள் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். வீட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு நிமிடம் முடிந்தபோது அறுபத்தெட்டு. அக்கா கையை எடுக்கவில்லை. அறுபத்தொன்பது, எழுபது என்று எண்ணிக்கொண்டே இருந்தார்.