கொட்டு நின்ற சாயங்காலம்

போன பங்குனியில் ஒரு ராத்திரி கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் சென்னை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு இளைஞன். முதுகில் பை, காதில் ஒயர், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. பச்சை மஞ்சள் வாசனை என் மூக்குவரை வந்தது. அன்றைக்குத்தான் கட்டியிருக்கிறார்கள்.

"தம்பி, காப்புக் கட்டிட்டு ஊரைத் தாண்டலாமா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"லீவு இல்ல அண்ணாச்சி. அம்மனுக்குத் தெரியும்" என்றான். தாத்தா என்று சொல்லாமல் விட்டானே, அது அவன் பெரிய மனசு. அவன் வண்டி வந்ததும் ஏறிப் போய்விட்டான்.

உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டி வேட்டுப் போட்டுவிட்டால், அந்த நேரத்தில் ஊருக்குள் இருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் எட்டு நாளும் ராத்திரி ஊரில்தான் படுக்க வேண்டும். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது அடைவதற்குள் வந்துவிட வேண்டும். கையில் கட்டாத கயிறும் ஆளைக் கட்டும் என்பார்கள்.

அந்த மஞ்சள் வாசனைதான் என்னைச் சீனுவிடம் கொண்டுபோய் விட்டது. எழுபதுகளின் கடைசி. நான், சவரி, சீனு மூன்று பேரும் கூட்டாளிகள். நான் பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்ற பெயரில் கோவில்பட்டி டீக்கடை பெஞ்சுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சவரி தீப்பெட்டி ஆபீஸில் லாரிக்குப் பண்டல் ஏற்றுகிறவன். அவன் சட்டையில் எப்போதும் தீக்குச்சி மருந்து வாடை இருக்கும், நாங்கள் அவன் பக்கத்தில் பீடி பற்றவைக்கப் பயப்படுவோம். சீனு குருமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் நிலம் உழும் சம்சாரி வீட்டு மூத்த பிள்ளை. வீட்டில் தெலுங்கு, அப்பாவை நைனா என்பான்.

சீனுவுக்குப் பம்பாய் போக வேண்டும். அங்கே அவன் மச்சான் ஒருத்தன் இருந்தான். பம்பாய்க்குத் தீப்பெட்டி லோடு ஏற்றிப்போகும் டிரைவர் ஒருத்தரிடம் சவரி பேசி, கிளீனராக ஒரு இடம் பிடித்து வைத்திருந்தான். லாரி புதன்கிழமை காலையில் கிளம்புகிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சீனு ஊரில் காப்பு.

"பொங்கல் முடியட்டும், அப்புறம் போ" என்றார் நைனா. பொங்கல் முடிந்தால் மாமன் மகளோடு கல்யாணப் பேச்சு, அது முடிந்தால் விதைப்பு. பம்பாய் அவ்வளவுதான் என்று சீனுவுக்குத் தெரியும். சொல்லாமல் ஓடிப்போகவும் மாட்டான். போலீசுக்குப் பயப்படாதவன் அம்மனுக்குப் பயந்தான்.

"கட்டுனபெறவு நான் தாண்டுனா என் தங்கச்சிக்கு ஏதாச்சும் ஆயிரும்லே" என்பான்.

அந்த வாரம் முழுக்க எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருத்தன் வீட்டில் சாப்பிட்டு இன்னொருத்தன் வீட்டில் கை கழுவினோம். ஒரு காரியமும் இல்லாமல் எட்டயபுரம்வரை சைக்கிள் மிதித்து, ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். பருத்தி எடுத்து முடிந்த கரிசலில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதன் மேல் வெயில் நெளிந்துகொண்டே இருந்தது. பேச்சு எங்கே தொடங்கினாலும் லாரியில் போய் முட்டியது.

பி.ஏ. மூளை அப்போதுதான் வேலை செய்தது. "காப்புக் கட்டயில நீ ஊருக்குள்ளயே இல்லேன்னா ஒன்னக் கட்டாதுல்லா?" என்றேன். சீனு போய்ப் பூசாரியிடமே நைசாக விசாரித்து வந்தான். கட்டாதாம்.

"ஒங்க அம்மன ஏமாத்த நான் கூட்டா? அதுவும் எங்க தவசுகாலத்துல" என்று சவரி சிலுவை போட்டுக்கொண்டான். ஆனால் கடம்பூர் போளி வாங்கி வந்தது அவன்தான்.

செவ்வாய் மத்தியானம் குருமலை ஏறினோம். பாதை என்று ஒன்றும் கிடையாது, ஆடு போன தடம்தான். உடைமுள் வேட்டியைப் பிடித்து இழுத்தது. சீனு முன்னால் ஓடுவான், நின்று திரும்பிப் பார்ப்பான், மறுபடி ஓடுவான். உச்சியில் உட்கார்ந்தால் அவன் ஊர் ஒரு கைப்பிடி வேப்பமரமாகத் தெரிந்தது. போளியைப் பிட்டுக் கையிலேயே வைத்திருந்தான், தின்னவில்லை. வேட்டுச் சத்தத்துக்காக மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். பொழுது சாய்ந்தது. சத்தம் இல்லை.

ஒருவழியாக, மேல்காற்றோடு ஒரு 'டம்' கேட்டது.

"போட்டுட்டாவ!" என்று சவரி துள்ளினான். சீனு கையெடுத்து ஊர்ப்பக்கம் ஒரு கும்பிடு போட்டான். பிறகு சரசரவென்று இறங்கினோம். இனி பயமில்லை, அம்மாவிடம் சொல்லிவிட்டுத் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றான். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

நாங்கள் கேட்டது கல்குவாரி வெடி.

ஊர் முகப்பில் ஜனம் முழுக்க நின்றுகொண்டிருந்தது. குளித்த ஈரத்தோடு பெண்கள், தோளில் தொங்கிய கொட்டோடு கொட்டுக்காரர்கள், தட்டில் மஞ்சள் கயிறோடு பூசாரி. ஒரு சத்தமும் இல்லை. சீனு எல்லைக்கல்லைத் தாண்டிக் கால் வைத்த பிறகுதான் காப்பு இன்னும் கட்டவில்லை என்று எங்களுக்கு உறைத்தது.

நைனா முன்னால் வந்தார். கோபம் இருக்கும் என்று பார்த்தேன், இல்லை.

"வந்துட்டியாப்பா. நீ இல்லாம கட்ட வேண்டாம்னு ஊரே நிக்குது. புள்ளைகள்லாம் பசியோட இருக்கு" என்றார். பிறகு திரும்பி, "கட்டுங்க" என்றார்.

கொட்டு விழுந்தது. வேட்டும் போட்டார்கள். அவ்வளவு பக்கத்தில் அதைக் கேட்டபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒருத்தனைக் கட்டிப்போட இத்தனை பேரா என்று இருந்தது. சீனு என்னைப் பார்க்கவில்லை. சவரியின் தோளைப் பிடித்து, "ஏலே, அந்த எடம் சும்மா போகக் கூடாது. நீ போ" என்றான்.

சவரி வெளியூர்க்காரன், அவனுக்கு எந்தக் காப்பும் இல்லை. புதன்கிழமை அவன்தான் ஏறினான், மாற்றுச் சட்டைகூட இல்லாமல். பிறகு அவன் வருசத்துக்கு ஒருதரம் வந்தான், அப்புறம் மூன்று வருசத்துக்கு ஒருதரம், இப்போது பம்பாயிலேயே பேரன்மார். சீனு மாமன் மகளைக் கட்டி, பருத்தி போட்டு, உளுந்து போட்டு, அந்த ஊரிலேயே இருந்து போய்ச் சேர்ந்தான்.

போவதற்கு முந்தின வருசம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். "அன்னைக்கு எனக்காக கொட்டு நின்னுச்சு பாரு, அத நெனச்சா இன்னைக்கும் தூக்கம் வராது. கோவமா சந்தோசமான்னுதான் தெரியல" என்றான்.

பேருந்து நிலையத்துப் பையனிடம் எந்த ஊர் என்று கேட்டிருந்தேன். சீனுவின் ஊர்தான். "இப்பல்லாம் ஏழு மணிக்கு டாண்ணு கட்டிருவாவ அண்ணாச்சி. ஆளு வந்தாலும் சரி, வராட்டாலும் சரி" என்றான் பெருமையாக. எனக்கு அவனை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டும்போல இருந்தது. அவன் வண்டி கிளம்பிவிட்டது.