வெட்டில்லாத வீடியோ

கே-பாப் ஆல்பத்தைப் பாட்டுக்காக யாரும் வாங்குவதில்லை. பாட்டுக்குத்தான் கைப்பேசி இருக்கிறதே. உள்ளே வரும் உள்ளங்கையளவுப் படத்துக்காகத்தான் இந்தப் பாடெல்லாம். இந்த முறை முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும், எனக்குப் பிடித்த பாடகனின் படம் தனியாக ஒரு வெள்ளை உறையில் வரும் என்றார்கள். பெக்கான் நானாஸ் ஊரில் ஒரு சீனப் பெண் ரசிகைகள் எங்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கொரியாவிலிருந்து வரவழைப்பாள். அவளிடம் சொல்லிவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தேன்.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. ஏதாவது குறைந்து அதைத் திரும்பக் கேட்பதென்றால், பார்சலைப் பிரித்த வீடியோவைக் காட்ட வேண்டும். பெட்டியின் ஆறு பக்கமும் தெரிய வேண்டும், நடுவில் வெட்டு இருக்கக் கூடாது. நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். ஆங்கிலத்தில் அவள் அனுப்பியதை நாலு தடவை படித்தும் எதையோ விட்டுவிட்டது போலவே இருந்தது.

பார்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து, தம்போயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் மேசையை ஜன்னலோரம் இழுத்தேன். கைப்பேசியை பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்தேன். யாராவது அழைத்தால் வீடியோ நின்றுவிடுமே என்று ஃபிளைட் மோடில் போட்டேன். படம் பறந்துவிட்டால்? மின்விசிறியையும் அணைத்தேன்.

"ஏன்டி, வெந்து சாகவா? விசிறியப் போடு லா!" என்றார் அம்மா.

"பேசாதீங்கம்மா, ரெக்கார்ட் ஆவுது!"

"அலமாக், வெடிகுண்டா பிரிக்கிற?"

ஆறு பக்கமும் காட்டினேன். பிரித்தேன். ஆல்பம் வந்தது, போஸ்டர் வந்தது. கடைசியாக வெள்ளை உறையைத் திறந்தேன். காலி.

பரவாயில்லை, வீடியோ இருக்கிறது என்று கைப்பேசியை எடுத்தால், இடம் நிரம்பிவிட்டது என்று திரையில் எழுதியிருந்தது. உறையைத் தொடுவதற்கு முன்பே பதிவு நின்றிருந்தது. இடத்தை நிரப்பியது யார்? அவன்தான். அவன் விமான நிலையத்தில் நடப்பது, நூடல்ஸ் சாப்பிடுவது, ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருந்தேன்.

"எல்லாத்தையும் திரும்ப உள்ள வெச்சு, டேப் ஒட்டி இன்னொரு தடவ எடு. யாருக்குத் தெரியும்?" என்றார் அம்மா.

"இப்பத்தானம்மா பூசைக்குப் போயிட்டு வந்தோம்!"

"அதுக்கும் இதுக்கும் என்னா லா?"

சொன்னால் நம்புங்கள், ஒரு பக்கம் ஒட்டியும் விட்டேன். டேப்பைப் பிய்த்தெறிந்துவிட்டு நடந்ததை அப்படியே அந்தச் சீனப் பெண்ணுக்கு எழுதினேன். 'சாரி சிஸ், வீடியோ முழுசா இல்லாட்டி முடியாது' என்று பதில் வந்தது, கூடவே அழுகிற முகம் ஒன்று.

அடுத்த பார்சல் இந்த வாரம் வருகிறது. அதற்கு இடம் வேண்டுமே என்று அவன் வீடியோக்களை அழிக்க உட்கார்ந்தேன். முதல் வீடியோவிலேயே, காரில் தலைசாய்த்துக் கொட்டாவி விடுகிறான். நாலு நொடிதான். இதுவா இடத்தை அடைக்கும்?

"இவன்தானே உன் படத்த முழுங்குனான்? அழி," என்றார் அம்மா.

அழிக்கவில்லை. பார்சல் பிரிப்பதை அதில் எடுக்கலாம் என்று அம்மாவின் கைப்பேசியைக் கேட்டு வாங்கினேன். அதிலும் இடமில்லை. முழுக்கக் காலை வணக்கப் படங்கள்.