சீவாளி இல்லாத குழல்

பேய், பிசாசு, உரு வந்து ஆடுறது எண்டு எதையும் நான் நம்பினதில்லை. சுடலைக்குப் பக்கத்துக் கொட்டிலில தனியப் படுத்து எழும்பினவன் நான். நீங்கள் சிரிப்பீங்கள், சிரியுங்கோ, ஆனா இது நடந்தது.

சண்டை நிண்டு வவுனியாப் பாதை திறந்த அடுத்த வருசம். எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊரா அலைஞ்சு, அப்ப தர்மபுரத்தில சீமெந்தை அச்சில போட்டுக் கல் அரியிற வேலை. வவுனியாவில கலியாண ஊர்வலங்களுக்குப் போற ஒரு பாண்ட் குழுவுக்கு பேக்பைப் ஊத ஆள் தேவைப்பட்டது. குழுவின்ர மாஸ்டர் காத்துப் பையோட இருக்கிற வாத்தியத்தைத் தரேல்லை, பழகிற குழலை மட்டும் தந்தார்.

"முதல் ஒன்பது சுரமும் விரல்ல ஏறவேணும். யோசிக்காமல் கை தன்பாட்டில ஓடவேணும். பிழையாப் பழகினா பிழையும் தன்பாட்டில ஓடும், பிறகு கழட்டேலாது. மாசிக்கு வா, பாப்பம்."

அலைச்சலை விட்டு ஒரு இடத்தில நிக்க எனக்குக் கிடைச்ச வழி அது ஒண்டுதான்.

இரண்டாம் கிழமையே குழலுக்குள்ள இருக்கிற சீவாளி வெடிச்சுப்போச்சு. அது இல்லாட்டி ஊதினாலும் வெறுங்காத்துத்தான். மாஸ்டரிட்டைச் சொன்னா ஆளை மாத்திப்போடுவார் எண்ட பயத்தில சொல்லேல்லை. பின்னேரத்தில வாசல்ல குந்தியிருந்து, ஊதாமலே விரலை மட்டும் ஏத்தி இறக்கினன்.

பக்கத்து வளவில, மலையகத்தில இருந்து வந்து குடியேறின ராமாயி அக்கா இருந்தவா. நடுவில ஆள் உயரத்துக்குக் கிடுகு வேலி. ஒருநாள் வேலிக்கு அங்கால இருந்து குரல் வந்தது.

"தம்பி, மூணாவது தாண்டி ஏறுறப்ப ஒரு கீச்சு வுழுகுதே, அதைச் சரி பண்ணக்கூடாதா?"

"அக்கா, இதில சத்தமே வராது."

"போங்க தம்பி. பத்து நாளா கேட்டுக்கிட்டுத்தானே மாவு இடிக்கிறேன்" எண்டு, நான் பழகினதை அப்பிடியே முனகிக் காட்டினா, கீச்சையும் சேத்து. விரலைப் பாத்தன். அந்த இடத்தில சின்னவிரல் கொஞ்சம் பிந்தித்தான் இறங்குது. எனக்கே தெரியாத பிழை.

எட்டிப் பாத்திருப்பா எண்டு சொல்லுவீங்கள். நானும் அப்பிடித்தான் நினைச்சன். அடுத்தநாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்க இருந்து பழகினன். வெளியில வந்ததும் வேலிக்கு அங்கால அதே குரல்.

"இன்னைக்கு ரெண்டு வாட்டிதான் வுழுந்துச்சு. என்னா தம்பி, இன்னைக்கு நல்லாச் சாப்பிட்டீங்களாக்கும்."

பிறகு நான் ஒண்டும் விசாரிக்கேல்லை. எனக்கு ஒரு காது தேவைப்பட்டது, அது வேலிக்கு அங்கால இருந்தது. தை பிறக்கேக்க கீச்சு நிண்டது. மண்வெட்டிப் பிடியிலையும் விரல் தன்பாட்டில ஓடத் தொடங்கிட்டுது.

மாசியில மாஸ்டர் தன்ர குழலைத் தந்து ஊதச் சொன்னார். கனநாளைக்குப் பிறகு என்ர வாசிப்பை நானே அப்பதான் கேட்டன். ஒரு இடத்திலையும் சறுக்கேல்லை. மாஸ்டர் பையைத் தூக்கி என்ர தோளில வைச்சார்.

இரண்டு கிழமை கழிச்சுப் புதுச் சீவாளியோட தர்மபுரம் வந்து, வேலியோட நிண்டு அக்காவுக்கெண்டே ஊதினன். ஒழுங்கையில போன சைக்கிள்காரர் இறங்கி நிண்டு கேட்டினம். ஊதி முடிச்சு வேலிக்கு மேலால எட்டிப் பாத்தன். அவா திரும்பாமலே மா இடிச்சுக்கொண்டிருந்தா. என்னைக் கண்ட பிறகுதான் சிரிச்சா.

"வந்துட்டீங்களா தம்பி? எவ்ளோ நாளாச்சு. உக்காந்து வாசிங்க, கேக்கிறேன்."

இவ்வளவு நேரம் ஊதினது அவாவுக்குக் கேக்கவேயில்லை. நான் சீவாளியைக் கழட்டிச் சேட்டுப் பைக்குள்ள வைச்சிட்டு, போய் உள்ளுக்க இருந்து கதவைச் சாத்தினன். விரலை ஓடவிட்டன். நான் வேகமா ஏறேக்க உலக்கை வேகமா விழுந்தது. வேணுமெண்டே நடுவில நிப்பாட்டிப் பாத்தன். உலக்கையும் நிண்டது.