முள்மரம் நிற்கும் இடத்தில் ஓர் அறை

என் மனைவி அட்ராக்டா பகலில் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள், சாயங்காலம் நாவல் எழுதுகிறாள். எழுதும் இடம் எங்கள் பழைய காரின் பின்சீட். வீட்டுக்குள் மூன்று தடிப்பயல்கள், ஒரு டிவி, போதாததற்கு நான். மழை பெய்தால் கார் கூரை தடதடக்கும். அயர்லாந்தில், எங்கள் கால்வே ஊரில் மழை பெய்யாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அவள் படிப்பதெல்லாம் எங்கள் நாட்டுப் பழங்கதைகள். மேட்டுக்கு அடியில் குடியிருந்து, தங்கள் முள்மரத்தைத் தொட்டவனைப் பழிவாங்கும் மாயமனிதர்கள், மாடு கவரப் போய் மண்டை உடைந்த ராணிகள். படித்துவிட்டு, "இதையெல்லாம் நம்பியிருக்குதுங்க பாரு!" என்று சிரிப்பாள்.

டப்ளினில் ஒரு பதிப்பகம், கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதினால் நாவலைப் போடுகிறோம் என்றது. இத்தனை வருடத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. பின்பக்கம் ஒரு சின்ன அறை கட்டிவிடலாம் என்று முடிவெடுத்தோம். ஒரு பக்கம் கழிவுத்தொட்டி, இன்னொரு பக்கம் பாறை. மிச்சமுள்ள இடத்தில் ஒற்றை முள்மரம் நிற்கிறது.

மண் தோண்டும் வண்டியோடு ஃபெஸ்டி வந்தான். டீ குடித்தான், வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தட்டோடு காலி செய்தான், மரத்தைப் பார்த்தான், எழுந்துவிட்டான்.

"இது அவங்களோடது. நான் தொடமாட்டேன்."

"எவங்களோடது? பேரைச் சொல்லேன்யா!" என்றாள் அட்ராக்டா.

"பேரெல்லாம் சொல்லக் கூடாதும்மா. எங்க பெரியப்பா ஒரே ஒரு கிளையத்தான் வெட்டினாரு. வாய் கோணிப்போச்சு."

"அது விஸ்கி கோணவச்ச வாய்!"

அடுத்தவனுக்கு மரத்தைக் கண்டதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாமவன் போனில் வீரம் பேசியவன். நேரில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"ஒருத்தனும் வேண்டாம், நானே வெட்டுறேன்" என்று அட்ராக்டா ரம்பத்தோடு போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

"ரம்பம் மொண்ணையா இருக்கு."

முந்தின நாள்தான் சாணை பிடித்திருந்தேன். பிடுங்கிக்கொண்டு நான் போனேன். ஜன்னலில் என் கடைசிப் பையனின் முகம் தெரிந்தது. அவன் வாயைப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. திரும்பிவிட்டேன்.

"என்னாச்சு?"

"மழை வருது."

"மழை எப்போ வரல, கோல்மன்?"

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. காருக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். மரம், பின்வாங்கிய மூன்று ஆட்கள், ரம்பத்தோடு போய்த் திரும்பிய பெண், எல்லாவற்றையும் கோபத்தோடு கடைசி அத்தியாயமாக எழுதி அனுப்பினாள். அவள் எழுதியதிலேயே அதுதான் உயிருள்ளது என்று நான் இன்றும் அடித்துச் சொல்வேன்.

பதிப்பாசிரியர் ஓரான் போன் செய்தார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"எல்லாம் நல்லாருக்கு, அட்ராக்டா. ஆனா மூணு பெரிய ஆம்பளைங்க ஒரு செடியைப் பார்த்து ஓடுறாங்கன்னா எப்படி? அந்தப் பொம்பளையே வெட்டிடறதா மாத்துங்க. இல்லேன்னா போடுறது கஷ்டம்."

"சரி. சனிக்கிழமை இங்க வாங்க. ரம்பம் தர்றேன், நீங்களே வெட்டுங்க. பார்த்து எழுதிடறேன்."



"எனக்குக் குழந்தைங்க இருக்குங்க" என்றார் ஓரான். "நான் நம்புறேன். வாசகருங்கதான் நம்பமாட்டாங்க."

"அப்போ அந்த வாசகருங்கள்ல ஒருத்தரை வெட்ட அனுப்புங்க!" என்று கத்திவிட்டு, அட்ராக்டா எழுதப் போகக் கார் சாவியை எடுத்தாள்.